முடிச்சுப் போடாத டவுசர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது படித்தவர்கள் செய்கிற காரியம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தென்காசியில் ஊசி, நூல், பொத்தான், நாடா விற்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். நான் எழுதி நாலு பேர் படித்தது, கடை வாசலில் தொங்கும் 'தையல் சாமான்கள் கிடைக்கும்' என்ற அட்டை ஒன்றுதான். (அதிலும் ஒரு கால் விட்டுப்போய், பல வருஷம் 'சாமன்கள்' என்றே தொங்கியது.)

அப்படிப்பட்டவன் ஏன் எழுத உட்கார்ந்தேன் என்றால், இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லுகிறார்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு முழம் நீளுகிறது. கடைசியாக நான் கேட்டபோது அதற்குள் ஒரு யானை வந்துவிட்டது. யானை கிடையாது. நடந்தது என்ன என்று நானே சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் கதை விளங்கும். நான் கூச்சக்காரன். சாதாரணக் கூச்சம் இல்லை. கடைக்குப் பெண்கள் வந்து நாடா கேட்டால், சுவரில் இருக்கிற ஆணியைப் பார்த்துக்கொண்டே அளப்பேன். பார்க்காமல் அளந்தால் அளவு கூடத்தான் செய்யும். அதனாலேயே என் கடை நாடாவுக்கு ஊரில் நல்ல பெயர்.

இந்தக் கூச்சம் ஒரு முறை பெரிய வினையைக் கொண்டுவந்தது. என் இளைய மகள் செண்பகத்தின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. மேளதாளத்தோடு மாப்பிள்ளை வந்து நிற்கிறார். பெண்ணைப் பெற்றவன் முன்னால் போய்ச் சந்தனம் கொடுத்து, மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்து வரவேண்டும். பெண்ணைப் பெற்றவன் எங்கே? பந்திக்கு இலை எண்ணுகிற சாக்கில் சாமான் வைக்கிற கலவறைக்குள் உட்கார்ந்திருந்தான். அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் நடந்து போவதை நினைத்ததுமே எனக்குக் கால் வரவில்லை. கடைசியில் என் அண்ணன் போய் அழைத்து வந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா திருவேங்கடத்துக்காரர். கரிசல் பூமியில் பருத்தி விளைவிக்கிறவர். கோபத்தையும் அதே மாதிரி விளைவித்துச் சேர்த்து வைக்கிறவர். "பொண்ணப் பெத்தவருக்கு எங்களக் கண்டா இளக்காரம் போல" என்றார். அதற்குப் பிறகு வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தால் ஏதாவது சாக்கு வரும். ஆனி பிறந்ததும் ஆள் மூலமாகச் சொல்லி விட்டார்: "பையன் குற்றாலச் சாரலுக்கு வந்து பாத்துட்டுப் போகட்டும். மரியாதை எப்படி இருக்குன்னு அவன் வந்து சொல்லட்டும். தலை தீபாவளிக்கு அனுப்புததா வேண்டாமான்னு பெறகு பாப்போம்."

தலை தீபாவளிக்கு மகளும் மருமகனும் வராத வீட்டை ஊர் எப்படிப் பார்க்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டுக்காரி அன்று முதல் தினம் ஒரு வேளை சாப்பாட்டைப் பாதியில் விட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் நான் வாத்தியார் ஆனேன்.

மூத்த மகள் இரண்டாவது பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கூட அவள் மகள் கோமதி. எட்டு வயது. என்னைத் தாத்தா ஆக்கியவள். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயதுதான். 'தாத்தா' என்று அவள் கடை வாசலில் நின்று கத்தினால், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நானும் தெருவைப் பார்ப்பேன். பிள்ளைத்தாய்ச்சி அம்மாவின் வயிற்றில் ஏறி விளையாடாமல் இவளை ஒரு இடத்தில் உட்கார வைக்க வேண்டும். "ஒங்க கடையிலதான் ஊசி கொட்டிக் கெடக்கே, ஒண்ணக் குடுத்து உக்கார வைங்களேன்" என்றாள் என் வீட்டுக்காரி.

எனக்குத் தைக்கத் தெரியுமா? கொஞ்சம் தெரியும். பழைய கைமிஷின் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் எனக்கு வேண்டிய கோடு போட்ட டவுசர்களை நானே தைத்துக்கொள்வேன். (தையல்காரரிடம் இடுப்பு அளவு கொடுக்கக் கூச்சம்.) முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இடுப்பில் நாடா. என் கலை அவ்வளவுதான். அதைக் கோமதிக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் நாள் நூல் கோத்தாள். அடிக்கடி கோக்க வேண்டாமே என்று, உள்ளே தார்சாக் கூடத்திலிருந்து வாசல் வரைக்கும் நூலை இழுத்துக்கொண்டாள். ஒரு குத்து குத்தியதும் ஊசியோடு எழுந்து வாசல் வரை ஓடுவாள். நூல் இறுகியதும் திரும்ப வந்து உட்கார்ந்து அடுத்த குத்து.

"ஏட்டி, இது தையலா, ஓட்டப் பந்தயமா?"

"நீங்கதான தாத்தா இறுக்கி இழுக்கச் சொன்னீங்க?"

இரண்டாம் நாள் உட்கார்ந்தே தைத்தாள். நல்ல வரிசையாக வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எந்திரிச்சு வந்து ஆச்சிட்ட காட்டு" என்றேன். எழுந்தாள். தைத்த துணியும் கூடவே எழுந்தது. மடியில் வைத்துத் தைத்ததில் பாவாடையையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். அவளைப் பிரித்து எடுக்க அரை நாள் ஆயிற்று.

மூன்றாவது வியாதிதான் பெரியது: முடிச்சு. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முடிச்சு போடுவாள். மொச்சைக் கொட்டை பருமனில் வரிசையாக முடிச்சு. "அவுந்துட்டா என்ன செய்ய?" என்பாள். சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் கோபம் வந்து, என் வாழ்க்கையிலேயே கண்டிப்பாகப் பேசிய ஒரே வாக்கியத்தைப் பேசினேன்:

"இனிமே முடிச்சே போடக் கூடாது. எங்கயும் கூடாது. தொடக்கத்திலும் கூடாது, முடிவிலும் கூடாது!"

பிள்ளை பயந்துபோய்த் தலையாட்டியது. கூச்சக்காரன் கண்டித்தால் அளவு தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

பிறகு அவளுக்கு நூல் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். மிஷினில் தைப்பதற்கு முன்னால், துணி நகராமல் இருக்க, கையால் பெரிய பெரிய இழையாக ஓட்டி வைப்பது இது. தைத்து முடித்ததும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மொத்த நூலும் உருவிக்கொண்டு வந்துவிடும். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சிவப்பு நூல் கொடுத்தேன். எனக்காக வெட்டி வைத்திருந்த நீலக்கோடு டவுசர்த் துணியைக் கொடுத்து, "இதுல ஓட்டு. ராத்திரி நான் வந்து மிஷின்ல அடிச்சிருதேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.

கோமதி அருமையாக ஓட்டியிருந்தாள். பக்கவாட்டு இரண்டும், காலிடுக்கும், நாடா போகிற இடுப்பு மடிப்பும் எல்லாம் ஒரே நூலில். அதற்குள் ஊக்கை வைத்து நாடாவும் கோத்துவிட்டாள். முடிச்சு? ஒன்று கூட இல்லை. தாத்தா சொல்லைத் தட்டாத பிள்ளை.

நான் ராத்திரி வந்து பார்த்தால் மிஷினில் ஊசி ஒடிந்து கிடந்தது. கடையில் நூறு ஊசி இருக்கிறது. வீட்டில் ஒன்று இல்லை. நாளைக்கு ஆகட்டும் என்று விட்டேன். அந்த நாளைக்குத்தான் மாப்பிள்ளை செண்பகத்தோடு வந்துவிட்டார். அவர் வரவேண்டியது அதற்கும் மறுநாள்.

ரிஜிஸ்தர் ஆபீஸில் குமாஸ்தா அவர். நிமிர்ந்த உடம்பு, அளந்த பேச்சு. நான் கடையை அடைத்துவிட்டு ஓடி வந்தேன். "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்வதற்காக வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாசலில் அவரைக் கண்டதும், வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. அவர் முகம் ஒரு சுற்று இறுகியது.

செண்பகம் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். "அப்பா, ஊருக்குப் போனதும் எங்க மாமா அவங்ககிட்ட முதல்ல கேக்கது, ஒன் மாமனார் பேசினாராங்கதுதான். இன்னிக்கு அருவிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு வார்த்தை பேசுங்கப்பா. எனக்காக" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. சரி என்றேன்.

இதற்கிடையில் உள்ளே நடந்ததை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளை குளிக்க டவுசர் கொண்டுவரவில்லை. என் வீட்டுக்காரி கோமதியிடம் கேட்டிருக்கிறாள்: "ஏட்டி, தாத்தாக்குன்னு ஒரு டவுசர் கெடந்துதே, தைச்சாச்சா?"

"ஓட்டியாச்சு ஆச்சி" என்று சொல்லியிருக்கிறாள் கோமதி.

அவள் சொன்னது நூல் ஓட்டியாச்சு. இவள் காதில் விழுந்தது மிஷின் ஓட்டியாச்சு.

புதுத் துண்டுக்குள் டவுசரை மடித்து வைத்து மாப்பிள்ளையிடம் மரியாதையாகக் கொடுத்தாயிற்று.

மாப்பிள்ளை, நான், கோமதி மூன்று பேரும் குதிரை வண்டியில் குற்றாலம் போனோம். சாரல் முகத்தில் அடித்தது. நான் கையில் குடை வைத்திருந்தேன். வழி நெடுக இரண்டு வார்த்தையைத் தேடினேன்.

"மாப்பிள்ளை..."

"சொல்லுங்க மாமா."

"...குதிரை வெள்ளை."

"ஆமா மாமா."

அது இரண்டு வார்த்தைதான். ஆனால் செண்பகம் கேட்டது இதுவாக இருக்காது என்று எனக்கே தோன்றியது.

பேரருவியில் நல்ல தண்ணீர். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற இலத்தூர்க்காரர் ஒருவர் எங்களைக் கண்டதும் பலகையைத் தட்டிப் போட்டார். மாப்பிள்ளை சட்டையைக் கழற்றினார். வேட்டியைக் கழற்றினார்.

நீலக்கோடு.

இடது கால் ஓரத்தில் சிவப்பு நூல் ஒரு சாண் தொங்கிக்கொண்டிருந்தது.

"தாத்தா," என்றாள் கோமதி என் கையைச் சுரண்டி, "அது நம்ம டவுசர்லா?"

"சும்மா இருட்டி."

"நீங்க மிஷின்ல அடிக்கவே இல்லையே?"

"தெரியும். சும்மா இரு."

"நான் போயி சித்தப்பாட்ட சொல்லட்டா?"

ஒரு மாப்பிள்ளையிடம், முதல் முதலாக வந்த இடத்தில், 'நீங்கள் உடுத்தியிருப்பது டவுசர் இல்லை, டவுசர் மாதிரி' என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளை சொல்வதா? அதை நான்தான் சொல்ல வேண்டும். கிட்டப் போனேன். தலை முழுக்க எண்ணெயோடு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை, இன்னிக்குக் குளிக்கணுமா?"

"குளிக்கத்தான மாமா வந்திருக்கோம்?"

"இல்ல, தண்ணி ரொம்பக் குளிரும்."

"பரவால்ல மாமா."

"ரொம்ப வேகமா விழுது."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வந்த விருந்தாளியைக் குளிக்க வேண்டாம் என்று சொல்லுகிற மாமனாரை யார்தான் எப்படிப் பார்ப்பார்கள்? நான் பின்வாங்கி வந்துவிட்டேன். அன்றைய என்னை இன்று பார்த்தால் குடையாலேயே நாலு போடுவேன்.

அப்போது இலத்தூர்க்காரர் கால் தேய்க்கக் குனிந்தார். "அண்ணாச்சி, நூலு ஒண்ணு தொங்குதுல்லா? பிச்சிருதேன்" என்று சொல்லி இழுத்தார். அது பிய்ந்தால்தானே! சுலபமாக, சந்தோஷமாக, வரத் தொடங்கியது. எண்ணெய்க் கை வழுக்கியதால் அவர் நூலை விரலில் சுற்றிக்கொண்டு இழுத்தார். "இதென்னய்யா இது, வந்துக்கிட்டே இருக்கு!"

"இழுக்காதேயும் ஓய்!"

அப்படிக் கத்தியது யார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நான்தான். அருவிக்கரையே திரும்பிப் பார்த்தது. ஒரு குரங்கு கையில் இருந்த தேங்காய்ச் சில்லைக் கீழே போட்டுவிட்டது.

இலத்தூர்க்காரர் பயந்துபோய் நூலை அறுத்துவிட்டார். மாப்பிள்ளை எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "ஏன் மாமா, நான் ஒருத்தர்ட்ட எண்ணெய் தேய்க்கதும் ஒங்களுக்குப் பிடிக்கலையா? எங்க அப்பா சொன்னது சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, நேராக அருவியைப் பார்த்து நடந்தார்.

தலை தீபாவளி அவர் முதுகோடு போய்க்கொண்டிருந்தது.

அவர் தண்ணீருக்குள் போய்ப் பாறையோடு ஒட்டி நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பாதி நூல் மிச்சம் இருக்கிறதே, அது தாங்கிவிடும் என்று நினைத்தேன். தெய்வத்தை வேண்டிக்கொள்ளக் கையைக் கூட எடுத்தேன். அப்போது தண்ணீர் வழிந்தோடுகிற பக்கம் நின்ற கோமதி கூவினாள்:

"தாத்தா! டவுசர் வருது!"

நீலக்கோடு மிதந்து வந்தது. முன்பக்கம்.

"இன்னொண்ணும் வருது தாத்தா!"

அது பின்பக்கம்.

இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிற்றாற்றை நோக்கிப் போயின. எங்களுக்கு முன்னாலேயே தென்காசி போய்ச் சேர்ந்திருக்கும்.

மாப்பிள்ளை அருவியை விட்டு வரவில்லை. எப்படி வருவார்? பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல வேளை, தண்ணீர் கனமாக விழுந்ததால் வெளியே இருப்பவர்களுக்கு ஒரு தலை மட்டும்தான் தெரிந்தது. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். "ஏ அண்ணாச்சி, அருவிய விலைக்கா வாங்கிட்டீரு? தள்ளும்யா!"

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. ஓடினேன். சட்டையோடு, செருப்போடு ஓடினேன். கக்கத்தில் குடை இருந்ததும் எனக்கு நினைவில்லை. பின்னால் இலத்தூர்க்காரர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது: "அருவிக்குக் குடையோட போற மனுசன இன்னிக்குத்தான் பாக்குதேன்!"

உள்ளே போனால் ஒரே இரைச்சல். மாப்பிள்ளையின் இடுப்பில் என் கடை நாடா மட்டும் முடிச்சு அவிழாமல் பத்திரமாக இருந்தது. (நல்ல நாடா. இப்போதும் கிடைக்கும்.) இடி இடித்தாலும் கேட்காத அந்தச் சத்தத்தில், நாம் என்ன சொன்னாலும் வெளியே யாருக்கும் கேட்காது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. அவர் காதுக்குப் பக்கத்தில் போய், அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

"மாப்பிள்ளை! அது ஓட்டினதுதான்! தைக்கல!"

"என்ன மாமா?"

"தைக்கல! டவுசரு! தைக்கவே இல்ல!"

அவர் பாறையை விடாமல் தலையை மட்டும் என் பக்கம் திருப்பிக் கத்தினார்:

"தெரியுது மாமா!"

நான் விடவில்லை. "கல்யாணத்தன்னிக்கு நான் வராதது இளக்காரத்துல இல்ல! கூச்சம்! கலவறைக்குள்ள ஒளிஞ்சிருந்தேன்! இலை எண்ணல, சும்மா உக்காந்திருந்தேன்! குதிரை வெள்ளைன்னு சொன்னதும் பேச்சு வராமத்தான்!" என்று தண்ணீரை விழுங்கி விழுங்கி எல்லாவற்றையும் கத்தினேன். எவ்வளவு அவர் காதில் விழுந்ததோ தெரியாது.

கத்திக்கொண்டே என் வேட்டியை அவிழ்த்தேன். எட்டு முழ வேட்டி. ஒருவருக்கு இரண்டு சுற்று வரும். இரண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு சுற்று. பாதியை அவர் சுற்றிக்கொண்டார், பாதியில் நான் இருந்தேன். நடுவில் ஒரு முழம் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டியிருந்தது. முன்பக்கம் மறைவுக்குக் குடையை விரித்தேன். அருவி அடித்த அடியில் குடை பூ மாதிரி மேலே மலர்ந்துகொண்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நண்டு நடக்கிற மாதிரிப் பக்கவாட்டில் நடந்து வெளியே வந்தோம்.

கரையில் நின்ற கூட்டம் வழி விட்டது. இலத்தூர்க்காரர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "மாமன் மருமகன்னா இப்படில்லா இருக்கணும்! ஒரு வேட்டிலயே வாராங்க பாரும்!"

திரும்பி வருகிற வண்டியில் மாப்பிள்ளை குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டு வந்தார். கத்தின கத்தலில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கோமதி மட்டும், "சித்தப்பா, நான் முடிச்சு போடுதேன்னுதான் சொன்னேன், தாத்தாதான் கூடாதுன்னுட்டாங்க" என்று சாட்சி சொல்லிக்கொண்டே வந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரி விஷயம் தெரிந்து அடுப்படிக்குள் ஒளிந்துகொண்டாள். செண்பகம் சோறு போட்டாள். மாப்பிள்ளை ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். திடீரென்று அவர் தோள் குலுங்கியது. குனிந்த தலை நிமிரவில்லை. அழுகிறாரோ என்று நான் பயந்துபோனேன். புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, இலையைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அந்த அளந்த மனிதரிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை.

"மாமா," என்றார் மூச்சு வாங்கி, "மாப்பிள்ளை அழைப்புக்கு நீங்க வரலன்னுதான எங்க அப்பாவுக்குக் கோபம்? இன்னிக்கு அருவிக்குள்ளயே வந்து, கையப் பிடிச்சு, குடை பிடிச்சு அழைச்சிட்டு வந்துட்டீங்க. இதுக்கு மேல மரியாதை எந்த மாமனார் செய்வாரு? நான் அப்பாட்ட சொல்லிக்கிடுதேன்."

என்ன சொன்னாரோ, எவ்வளவு சொன்னாரோ எனக்குத் தெரியாது. தலை தீபாவளிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். கூடவே சம்பந்தியும் வந்தார். வாசலில் இறங்கியதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் வேட்டியைக் காட்டி, "எட்டு முழந்தான?" என்றார். அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்ததை ஒருவர் சொல்லிவிட்டால் போதும். "மழை பெய்யுது" என்று யாராவது சொன்னால், உள்ளேயிருந்து நாலு குரல் கேட்கும்: "தெரியுது மாமா!" அந்த வருஷம் பிறந்த பேரன் பேச ஆரம்பித்தபோது, அவனுக்கு வந்த முதல் முழு வாக்கியமே அதுதான் என்று என் வீட்டுக்காரி சத்தியம் செய்கிறாள். கோமதி இப்போது ரவிக்கை கூடத் தைக்கிறாள். என்னிடம் கற்றுக்கொண்டதாக வெளியில் சொல்வதில்லை.

அருவிக்குப் போய் வந்த மறுநாள் கடையைத் திறந்தேன். ஒரு பொட்டலம் மிஷின் ஊசியை எடுத்து வீட்டில் வைத்தேன். மாப்பிள்ளைக்கு வெளியிலேயே டவுசர் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். சாரல் இல்லை, வெயில் அடித்தது. யாரும் அருவிக்குப் போகவில்லை.